இலவசப் புத்தகத்துக்கு யார் காசு கொடுப்பது? எஸ்.ஆர்.ரங்கநாதன் போட்ட கணக்கு

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் பக்கம் சொந்தமாக ஃபிளாட் வாங்கியவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொத்து வரி கட்டும் வேலை வரும். இப்போது பெரும்பாலும் மொபைலிலேயே முடிந்துவிடுகிறது. மொத்தத் தொகையைப் பார்ப்பார்கள், லேசாக முனகுவார்கள், கட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். அந்தத் தொகைக்குள் நூலக வரி என்று ஒன்று ஒளிந்திருப்பது பல பேருக்குத் தெரியாது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. வாடகை வீட்டில் இருப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். ஹவுஸ் ஓனர் அதையும் கணக்கில் வைத்துத்தான் வாடகை சொல்லியிருப்பார்.

இந்த 10 காசுக்குப் பின்னால் ஒரு கணக்கு வாத்தியார் இருக்கிறார். பெயர் சீயாழி ராமாமிர்தம் ரங்கநாதன். இந்திய நூலகவியலின் தந்தை என்று பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரியில் படித்திருப்பீர்கள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குத் தயாரானவர்களுக்கு அவருடைய ஐந்து விதிகளும் மனப்பாடமாக இருக்கலாம். ஆனா, அவர் வாழ்க்கை முழுக்கக் கேட்ட கேள்வி அந்த ஒரு வரிக்குள் அடங்காது. வாங்க வழியில்லாத ஒருவர் கையில் புத்தகத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் வேலை? அதற்கு யார் காசு கொடுப்பது?

உலகம் முழுக்க இந்தக் கேள்வி இப்போது சின்னக் குழந்தைகளைச் சுற்றி ஓடுகிறது. 1992-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் 300 கைக்குழந்தைகளுக்கு இலவசமாகப் புத்தகம் கொடுத்துப் பார்த்தார்கள். புக்ஸ்டார்ட் என்ற பெயரில் அது நாடு தழுவிய திட்டமாக வளர்ந்தது. 1995-ல் அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் தன் சொந்த ஊர்ப் பகுதியில், பிறந்ததில் இருந்து 5 வயது வரை மாதம் ஒரு புத்தகம் தபாலில் வீட்டுக்கே அனுப்பும் திட்டத்தைத் தொடங்கினார். அவருடைய அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த வருத்தம்தான் திட்டத்துக்கு விதை. தமிழ்நாட்டில் 2023-ல் வந்த வாசிப்பு இயக்கமும் இதே குடும்பம்தான்.

நல்ல மனசு உள்ள ஒருவர் கொடுக்கும்வரை இதெல்லாம் சரி. கொடுப்பவர் நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? ரங்கநாதன் இந்த இடத்தில் ஏறத்தாழ 100 வருடங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றவர்.

சீயாழிப் பையன்

சீர்காழியைத்தான் அந்தக் காலத்தில் சீயாழி என்று சொல்வார்கள். அன்றைய தஞ்சாவூர் மாவட்டம், இன்றைக்கு மயிலாடுதுறை மாவட்டம். 1892 ஆகஸ்ட்டில் அங்கே பிறந்தார் ரங்கநாதன். ஆகஸ்ட் 12-ஐத்தான் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அப்பா ராமாமிர்த ஐயர் ஊரில் ராமாயணம் சொல்லக்கூடியவர். ரங்கநாதனுக்கு 6 வயது ஆகும்போது அவர் இறந்துவிட்டார். அம்மா சீதாலட்சுமி. தாத்தா ஆரம்பப் பள்ளி ஆசிரியர். பையனுக்குத் திக்குவாய் வேறு. பின்னாளில் மேடை மேடையாகப் பேசியவர் அதை எப்படியோ சமாளித்து வந்தார்.

எழுத்து தெரியாத ஊராருக்கு ஒருவர் படித்துச் சொல்ல, மற்றவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்பது அந்தக் காலத்துக் காவிரிக்கரை கிராமங்களில் சாதாரணம். அப்பாவே அப்படிச் சொன்னவர் என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சீர்காழியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுச் சென்னை வந்து, மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜில் சேர்ந்தார். தாம்பரம்வாசிகள் காலரைத் தூக்கிக்கொள்வதற்கு முன் ஒரு திருத்தம்: அப்போது எம்.சி.சி. பாரிமுனை பக்கம் இருந்தது. தாம்பரம் காட்டுப் பகுதிக்கு அது குடிபெயர்ந்தது 1937-ல்தான். கணிதத்தில் 1913-ல் பி.ஏ., 1916-ல் எம்.ஏ. அங்கே அவருக்குக் கிடைத்த பெரிய சொத்து கணிதப் பேராசிரியர் எட்வர்ட் ராஸ். மேதை ராமானுஜனை அறிந்து மதித்தவர்களில் ராஸும் ஒருவர். ரங்கநாதன் அவரைக் கடைசிவரை குருவாகவே நினைத்தார்.

அடுத்து சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் எல்.டி. பட்டம். 1917-ல் மங்களூர் அரசுக் கல்லூரியில் வேலை. பிறகு கோயம்புத்தூர், அதன்பின் சென்னை மாநிலக் கல்லூரி. பாடம் நடத்துவதில் ஆளுக்கு ஏக ஆர்வம். சம்பளம்தான் போதவில்லை. எந்தக் காலத்திலும் இது ஒரு பிரச்சினைதான் போல.

பிடிக்காத வேலை

1923-ல் சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு நூலகர் தேவை என்று விளம்பரம் கொடுத்தது. நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள். நூலகப் பயிற்சி பெற்றவர் என்று சொல்லிக்கொள்ளும்படி யாரும் இல்லை. நண்பர்களின் வற்புறுத்தலில் விண்ணப்பித்த 31 வயது கணித ஆசிரியருக்கு வேலை கிடைத்தது. 1924 ஜனவரியில் பொறுப்பேற்றார். பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் அவர்தான்.

கரியர் மாறியவர்களுக்கு அந்த முதல் வாரத்தின் கனம் தெரிந்திருக்கும். வகுப்பறை நிறைய மாணவர்களோடு பழகியவர், ஆள் வராத அறையில் தனியாக உட்கார வேண்டியிருந்தது. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. சில நாளிலேயே மாநிலக் கல்லூரிக்கு ஓடிப்போய், பழைய வேலையே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். இங்கிலாந்துக்குப் பயிற்சிக்கு அனுப்புவதாக ஏற்பாடு இருக்கிறது, போய்விட்டு வா, அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று கல்லூரி முதல்வர் சமாதானம் சொல்லி அனுப்பினார். அன்றைக்கு முதல்வர் சரி என்று தலையாட்டியிருந்தால், இந்தியா ஒரு நல்ல கணித வாத்தியாரோடு நின்றிருக்கும்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நூலகப் படிப்பு. ஆசிரியராக வாய்த்தவர் பெர்விக் சேயர்ஸ். அவர் குரோய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைமை நூலகர். பாடத்தைவிட ரங்கநாதனைப் பிடித்து உலுக்கியது அவர் சுற்றிப் பார்த்த நூலகங்கள்தான். தொழிலாளிகள் வேலை முடிந்து வந்து உட்கார்ந்து படிக்கிறார்கள். பெண்கள் வருகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதி. அவர்கள் உயரத்துக்கு அலமாரி, அவர்கள் உட்கார நாற்காலி, உட்கார்த்தி வைத்துக் கதை சொல்ல ஒரு ஆள். சென்னையில் அவர் விட்டுவிட்டு வந்த அறையில் பெரிய மனிதர்களே வருவதில்லை. இங்கே 6 வயதுக் குழந்தை தானாகப் புத்தகத்தை எடுக்கிறது.

இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பிரிட்டனில் 1850-லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. ஊர் மக்கள் கட்டும் உள்ளூர் வரியில் ஒரு பங்கு நூலகத்துக்கு. இரும்புத் தொழிலில் பெரும் பணம் சேர்த்த ஆண்ட்ரூ கார்னகி ஊர் ஊராக நூலகக் கட்டடம் கட்டிக் கொடுத்தார், உண்மைதான். அவரும் ஒரு நிபந்தனை வைத்தார்: கட்டடம் நான் தருகிறேன், நடத்தும் செலவை ஊர் வரியில் இருந்து எடுத்து வைக்க வேண்டும். தானம் ஒரு தடவை வரும், புத்தகம் வாங்குவதும் நூலகருக்குச் சம்பளம் கொடுப்பதும் மாதாமாதம் வரும் என்று அந்த வியாபாரிக்குத் தெரிந்திருந்தது.

குழந்தைகள் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார் ரங்கநாதன். துளை போட்ட தகடுகள், போல்ட், நட்டு. அதே துண்டுகளைச் சேர்த்து விதவிதமான பொம்மை செய்யலாம். புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிப்பதையும் இப்படிச் செய்தால் என்ன என்று அவருக்குப் பொறி தட்டியது. 1933-ல் வெளியான அவருடைய கோலன் பகுப்பு முறையின் தொடக்கம் அதுதான். நூலகவியல் மாணவர்கள் அதை இன்றும் படிக்கிறார்கள். மற்றவர்களுக்கு இவ்வளவு போதும்.

ஒரே வருடம், இரண்டு வண்டிகள்

1925-ல் திரும்பி வந்தவர் மாநிலக் கல்லூரிப் பேச்சையே எடுக்கவில்லை. பூட்டிக் கிடந்த அலமாரிகளை வாசகர்கள் தாங்களே போய்ப் பார்த்து எடுக்கும்படி திறந்துவிட்டார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவாவதில் முன்நின்றார். 1929-ல் நூலகர்களுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். ஏறத்தாழ 20 வருடம் லீவே போடாமல் வேலை பார்த்தார் என்பார்கள். இப்போதைய தலைமுறைக்கு இது பாராட்டாகத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. வீட்டில் அந்த விலையைக் கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். 1928-ல் அவர் மனைவி ருக்மிணி திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் குளத்தில் தவறி விழுந்து இறந்தார். அடுத்த வருடம் சாரதாவை மணந்தார். மகன் யோகேஸ்வர், பின்னாளில் அப்பாவின் வாழ்க்கையை நூலாக எழுதினார்.

1931-ல் வந்தது அவருடைய ஐந்து விதிகள் நூல். மனப்பாடம் செய்தவர்களுக்கும் அதன் சண்டைக் குணம் தெரிந்திருக்காது. புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கு என்பது முதல் விதி. இதைச் சொல்ல ஒரு விதியா என்று தோன்றும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகத்தைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டி வைத்தார்கள். நம்ம ஊரில் சங்கிலி இல்லை, பூட்டு இருந்தது. பூட்டைத் திறந்தால் போதாது என்கிறார் அவர். நூலகம் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கிறது, அலமாரி கைக்கு எட்டுகிறதா, நூலகர் முகம் கொடுத்துப் பேசுகிறாரா, எல்லாமே முதல் விதிக்குள் வரும். ஊருக்கு வெளியே ஒதுக்குப்புறத்தில் கட்டிடம் கட்டி, எல்லோரும் வேலைக்குப் போன நேரத்தில் திறந்து வைத்தால், அதுவும் ஒருவகைச் சங்கிலிதான்.

இரண்டாவது விதிதான் வெடி. ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும். படித்தவர்களுக்கும் வசதியானவர்களுக்கும் மட்டும் என்று இருந்த இடத்தில் எல்லோருக்கும் என்கிறார். அந்த எல்லோரும் யார் யார் என்று பிரித்தும் காட்டுகிறார். பெண்கள், ஏழைகள், கிராமத்தார், பார்வையற்றவர்கள், சிறையில் இருப்பவர்கள், குழந்தைகள். 1931-ல் சொல்கிறார். அந்த வருட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் எழுத்தறிவு 10 சதவீதத்துக்கும் கீழே.

படிக்கவே தெரியாத நாட்டில் நூலகம் எதற்கு என்று கேட்டவர்கள் நிறைய இருந்தார்கள். முதலில் பள்ளிக்கூடம் வரட்டும், புத்தகம் அப்புறம் பார்க்கலாம் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ரங்கநாதன் இதைத் தலைகீழாகப் பிடித்தார். எழுத்து தெரியாதவருக்குப் புத்தகத்தைப் படித்துக் காட்டுவதும் நூலகத்தின் வேலைதான் என்பது அவர் கட்சி. திண்ணையில் உட்கார்ந்து ராமாயணம் கேட்ட ஊர்க்காரருக்கு எழுத்து தெரியாது, கதை தெரியும். எழுத்துக் கூட்டப் படித்தவர்கள்கூட, கையில் படிக்க எதுவும் இல்லாவிட்டால் சில வருடத்தில் மறந்துபோவார்கள் என்பதும் அந்தக் காலக் கல்வியாளர்கள் கவலைப்பட்ட விஷயம்.

இன்றைக்கு 2 வயதுக் குழந்தைக்குப் புத்தகம் எதற்கு, கிழித்துத்தானே போடும் என்று கேட்கும் தாத்தா பாட்டிகளுக்கும் இதே பதில் பொருந்தும். மடியில் உட்கார வைத்து யாராவது படித்துக் காட்டினால், அன்றாடப் பேச்சில் வராத சொற்கள் குழந்தையின் காதில் விழுகின்றன. பக்கம் எப்படித் திரும்புகிறது, படத்துக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம் என்பதெல்லாம் எழுத்து கற்பதற்கு முன்பே பிடிபட்டுவிடும். கிழித்தால் கிழிக்கட்டும். அதற்காகத்தான் கெட்டி அட்டைப் புத்தகங்கள் வருகின்றன.

1931-ல் சென்னைக்காரர்களுக்கு நினைவில் நிற்க வேண்டிய இன்னொரு விஷயம் நடந்தது. கடற்கரையில் இருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது அந்த வருடம்தான். அதே வருடம் அக்டோபரில், மன்னார்குடியில் வேறொரு வண்டி கிளம்பியது. இழுத்தவை மாடுகள். ஏற்றியிருந்தது புத்தகங்கள். கனகசபை பிள்ளை என்ற பொறியாளர் புத்தகம் அடுக்க வசதியாக வண்டியை வடிவமைத்துக் கொடுத்தார். பின்னணியில் இருந்து ஊக்கம் கொடுத்தவர் ரங்கநாதன். கிராமத்தார் நூலகத்துக்கு வர முடியாது, ஆகவே நூலகம் கிராமத்துக்குப் போகட்டும். இந்தியாவின் நடமாடும் நூலக வரலாற்றைப் பேசுகிறவர்கள் இந்த மாட்டு வண்டியில் இருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

மாட்டு வண்டி அழகான படம். சமூக வலைதளத்தில் போட்டால் லைக்கும் ஷேரும் குவியும். ஆனால் வண்டி கனகசபை பிள்ளை என்கிற ஒரு நல்ல மனிதரை நம்பி ஓடியது. மாவட்டத்துக்கு ஒரு கனகசபை பிள்ளை கிடைப்பாரா என்ன?

17 வருடப் போராட்டம்

1930 டிசம்பரில் காசியில் அனைத்து ஆசியக் கல்வி மாநாடு நடந்தது. அங்கே ரங்கநாதன் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை வைத்தார். நூலகம் அரசின் கடமை, செலவுக்கு உள்ளூர் வரி என்பது அதன் முதுகெலும்பு. 1933-ல் பஷீர் அகமது சயீத் சென்னைச் சட்ட மன்றத்தில் ஒரு நூலக மசோதாவைக் கொண்டுவந்தார். நிறைவேறவில்லை. யாருக்கும் புதிய வரி பிடிக்காது. அதிலும் புத்தகத்துக்கு வரி என்றால் அரசியல்வாதிகள் ஓட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். ரங்கநாதன் சளைக்காமல் வேறு மாகாணங்களுக்கும் வரைவுகள் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இடையில் 1935-ல் அரசு ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது. 1936-ல் கடற்கரைச் சாலையில் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தனிக் கட்டிடம் கிடைத்தது. பட்டமும் கட்டிடமும் வந்தன, சட்டம் மட்டும் வரவில்லை.

1945-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பணியில் இருந்து விலகி, காசி இந்து பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே சுமார் 1 லட்சம் நூல்களைப் பெரும்பாலும் தனி ஆளாக வகைப்படுத்தினார். பிறகு டெல்லி. இந்தச் சமயத்தில்தான் சென்னையில் காற்று மாறியது. 1946-ல் டி.எஸ்.அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சரானார். கோவைக்காரர், காந்தியவாதி, ராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவியவர். ரங்கநாதனிடம் சட்ட வரைவு கேட்டார். எத்தனையோ வருடமாகப் பையிலேயே வைத்திருந்த காகிதம் அது. 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். 1950-ல் நடைமுறைக்கு வந்தது. மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு, சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி. உங்கள் ரசீதில் இருக்கும் அந்த வரி அப்படி வந்து சேர்ந்ததுதான்.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் எங்கே? புத்தகம் எடுக்கிறவர் காசு கொடுத்தால், காசு இல்லாத வீட்டுக் குழந்தை வாசலிலேயே நின்றுவிடும். வள்ளல் கொடுத்தால், அவர் இருக்கும்வரைதான். பட்ஜெட்டில் ஒதுக்கினால், நெருக்கடி வரும்போது முதலில் வெட்டுவது நூலகத்தைத்தான். சொத்து வரி மேல் சின்னதாக ஒரு சேர்மானம் போட்டால், யாருக்கும் பெரிதாக வலிக்காது, வருடா வருடம் வந்துகொண்டே இருக்கும், சொத்து அதிகம் உள்ளவர் அதிகம் கொடுப்பார். அந்தப் பணத்தில் வாங்கிய படக்கதைப் புத்தகத்தை ஒரு வீட்டு வேலை செய்பவரின் மகள் எடுத்துப் படிக்கும்போது, அவள் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. போட்டோவுக்கு நின்று புத்தகத்தை இரு கையால் வாங்கவும் வேண்டாம். இரவல் எடுத்தோமா, திருப்பிக் கொடுத்தோமா, அவ்ளோதான். அடுத்த வாரம் அதே புத்தகம் இன்னொரு வீட்டுக்குப் போகும்.

இலவசமாகப் புத்தகம் கொடுப்பது தேவையில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. வீட்டில் சொந்தமாக நாலு புத்தகம் இருப்பது குழந்தைக்குத் தனி சந்தோஷம். தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்குவதற்கு நூலகப் புத்தகம் ஆகாது. ஆனா, வாசிப்பில் சூடு பிடித்த குழந்தைக்கு நாலு புத்தகம் நாலு நாளைக்குத்தான் வரும். ஐந்தாவது நாளுக்கு யார் பொறுப்பு என்பதற்குத்தான் ரங்கநாதன் வரி போடச் சொன்னார்.

ராமானுஜனுக்குக் கிடைத்த அந்த ஒரு புத்தகம்

எம்.சி.சி.யின் ராஸ் ராமானுஜனை அறிந்தவர் என்று பார்த்தோம். 1967-ல், தன் 75-வது வயதில், ரங்கநாதன் ராமானுஜனைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கணிதம் அவரை விட்டுப் போகவே இல்லை.

ராமானுஜன் கதையில் எல்லோரும் சொல்லும் ஒரு திருப்பம் உண்டு. 1903 வாக்கில் கும்பகோணத்தில் பள்ளியில் படிக்கும்போது, ஜி.எஸ்.கார் என்பவர் தொகுத்த கணிதப் புத்தகம் ஒன்று நண்பர்கள் மூலம் அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களைப் பெரிதாக விளக்கம் இல்லாமல் அடுக்கிய நூல். பெரிய நூல் என்று உலகம் கொண்டாடியதும் இல்லை. அந்தப் பையனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அது கல்லூரி நூலகப் பிரதி. வாங்கிய புத்தகம் இல்லை, இரவல். அவர்கள் வீட்டு நிலைமைக்கு வாங்கியிருக்கவும் முடியாது.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் இருக்கிறார் என்பது ரங்கநாதனின் மூன்றாவது விதி. தூசி படிந்து கிடக்கும் கார் புத்தகத்தையும் கும்பகோணத்துப் பையனையும் சந்திக்க வைப்பதை நண்பர்கள் கையில் விட்டுவிடக் கூடாது, அது நூலகரின் வேலை என்பது அவர் எண்ணம். அப்படிச் சந்திக்காமலே போன பையன்களும் பெண்களும் எத்தனை பேர் என்று யாரும் கணக்கு எடுத்ததில்லை.

கடைசி வருடங்கள்

1950-களில் சில வருடம் ஜூரிச்சில் இருந்து எழுதினார். 1957-ல் பத்மஸ்ரீ. தன் வாழ்நாள் சேமிப்பில் 1 லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் இருக்கை அமைக்கச் செய்தார். அன்றைக்கு அந்தப் பணத்தில் சென்னையில் வீடு வீடாக வாங்கியிருக்கலாம். பிறகு பெங்களூருவில் குடியேறினார். 1962-ல் அங்கே ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையம் உருவானது அவரை மையமாக வைத்துத்தான். 1965-ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆனார். அதே வருடம் கர்நாடகத்துக்கும் நூலகச் சட்டம் வந்தது. 1972 செப்டம்பர் 27-ல் பெங்களூருவில் காலமானார். எந்த மாநிலத்துக்கு வரைவு எழுதிக் கொடுத்தாலும் நிறைவேறும் என்ற அதிர்ஷ்டம் அவருக்கு இல்லை. இன்றைக்கும் சட்டமே இல்லாத மாநிலங்கள் இந்தியாவில் இருக்கின்றன.

அந்த 10 காசு இப்போது எங்கே?

தமிழ்நாட்டில் இன்று சுமார் 4,600 பொது நூலகங்கள். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று பல அளவில் இருக்கின்றன. எண்ணிக்கையில் நம் மாநிலம் இந்தியாவில் முன்வரிசை. அதற்குக் காரணம் 1948-ல் போட்ட அடித்தளம் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

ஓட்டைகளும் உண்டு. உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரியை ஆணைக்குழுவிடம் சேர்க்காமல் நிலுவை வைப்பது பல வருடப் பழக்கம். வரி கட்டியவருக்கு அது தெரியவே தெரியாது. சொத்து விலை ஏறும் நகரங்களில் வரி பெருகும், வறண்ட மாவட்டங்களில் சுருங்கும். ஆக, புத்தகம் ரொம்பவும் தேவைப்படும் குழந்தையின் ஊரில்தான் பணம் குறைவாக இருக்கும். ரங்கநாதன் கனவு கண்ட முழு இலவசமும் வரவில்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு சிறு காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் கட்டி உறுப்பினராக வேண்டும். தொகை சின்னதுதான். ஆனால் அப்பா தினக்கூலியாக இருக்கும் வீட்டில் ஒரு குழந்தை அதைக் கேட்கத் தயங்கும்.

குழந்தைகள் பிரிவு என்பதும் எல்லாக் கிளைகளிலும் நடைமுறையில் இல்லை. பல இடங்களில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் பேப்பர் படிக்க வரும் பெரியவர்களும்தான் இருப்பார்கள். அவர்களும் வரி கட்டியவர்கள்தான், குறை சொல்ல முடியாது. ஆனா, 4 வயதுக் குழந்தை சத்தமாகச் சிரித்தால் முறைக்காத ஒரு மூலை ஒவ்வொரு கிளையிலும் இருந்தால், முதல் விதியைச் சொன்ன மனிதர் நிம்மதி அடைவார்.

தென்சென்னையில் பெரிய விதிவிலக்கு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பரில் திறந்தார்கள். குழந்தைகளுக்குப் பெரிய தனிப் பிரிவு இருக்கிறது. மறு வருடமே ஆட்சி மாறி, கட்டிடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்குவதாக அரசு அறிவித்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியதால் நூலகம் தப்பித்தது. மருத்துவமனையும் குழந்தைகளுக்குத் தேவைதான். அதற்கு இடம் நூலகம் மட்டும்தானா என்று அன்றைக்கு ஊர் கேட்டது. மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனியாகப் பெரிய இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் வேறு வழியில் போகிறது. அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்காகச் சில பக்கங்களே உள்ள மெல்லிய கதைப் புத்தகங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலை. குழந்தை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைவிட, இப்போது எவ்வளவு படிக்க முடிகிறது என்பதைப் பார்த்துப் புத்தகம் கொடுக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய புத்தகம் என்ற இரண்டாவது விதியை மழலைத் தமிழில் எழுதினால் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் இந்த வாரமே போய்ப் பார்க்கலாம். பக்கத்துக் கிளை நூலகத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, காப்புத்தொகை கட்டினால் உறுப்பினராகலாம். பல கிளைகளுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு திறந்திருக்கும். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள். சிறுவர் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று நூலகரிடம் குழந்தையையே கேட்கச் சொல்லுங்கள். வரியைத்தான் ஏற்கெனவே கட்டியாச்சே.